இரவல் கோட்டில் இருக்கும் முகங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடிநாளுக்கு மறுநாள் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்த படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தொழில் புத்தி. படத்தில் 14 பேர், ஓர் உண்டியல். உண்டியலில் நோட்டைச் செருகுகிற கை மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. பின்வரிசைக்காரர்களுக்குத் தலையை நீட்டி நீட்டிக் கழுத்து வலித்திருக்கும். 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ல், படைவீரர் குடும்பங்களுக்காக நிதி திரட்டும் கொடிநாள் வருகிறது, கூடவே இந்தப் படமும் வருகிறது. ஆள் மாறுவார், உண்டியல் மாறாது. யாருக்காக அந்த உண்டியலை நீட்டுகிறார்களோ, அவர்களில் ஒருவருடைய முகத்தைக்கூட அந்தப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்டுவதானால் நடுவில் வெட்டிக்கொள்ளுங்கள். கேட்கவேண்டியதைக் கடைசியில்தான் கேட்டிருக்கிறேன்.

நான் ஊத்தங்கரைக்காரன். வயது 67. பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் 1956-ல் என் அப்பா ஒரு போட்டோ ஸ்டுடியோ தொடங்கினார். அவருக்குப் பின் நான் நடத்தினேன். எல்லார் சட்டைப்பையிலும் கேமரா வந்துவிட்ட பிறகு, பத்து ஆண்டுகளுக்கு முன் மூடினேன். மூடினேன் என்றால் பெயர்ப்பலகையைக் கழற்றினேன், அவ்வளவுதான். நெகட்டிவ் பெட்டிகளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? வீட்டில் ஓர் அறையை அடைத்துக்கொண்டு கிடந்தன. பழைய பேப்பர்காரன்கூட எடுக்கமாட்டேன் என்கிற சாமான் என்று வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டே வைத்திருந்தேன்.

எங்கள் பக்கம் பெரும்பாலும் மானாவாரி. மழை பெய்தால் கேழ்வரகு, துவரை. பெய்யாவிட்டால் பெங்களூரில் கட்டட வேலை. நாலு எழுத்துப் படித்த பையன்களுக்கு மூன்றாவது வழி ஒன்று இருந்தது, ராணுவம். சாமல்பட்டியில் ரயிலேறி, ஜோலார்பேட்டையில் வண்டி மாறி, பெங்களூர் போய் இறங்கினால் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் மையம். ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி வந்தால் முந்தின நாள் சாயங்காலம் எங்கள் கடையில் கூட்டம் கூடிவிடும். ஆளுக்குப் பாஸ்போர்ட் அளவு மூன்று காப்பி. ஏழெட்டுப் பேருக்கும் சேர்த்து எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கறுப்புக் கோட்டு. ஒருவன் கழற்றக் கழற்ற அடுத்தவன் மாட்டிக்கொள்வான். கோட்டு தொளதொளவென்று இருந்தால் முதுகுப்பக்கம் துணி காயப்போடும் கிளிப்பைப் போட்டு அப்பா இறுக்கிவிடுவார். முன்னாலிருந்து பார்க்க அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கும். கீழே வேட்டி. படம் மார்புவரைதானே.

அப்பா எல்லாவற்றுக்கும் பேரேடு எழுதுவார். எண், பெயர், ஊர், தேதி, எத்தனை காப்பி, எவ்வளவு வரவு, எவ்வளவு பாக்கி. ராணுவத்துக்குப் போகிற பையன் என்றால் ஓரத்தில் சிவப்பு மையில் 'மிலிட்டரி'. அந்தச் சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில் சில இடங்களில் ஒரு சின்னச் சுழி இருக்கும். சிறுவயதில் அது பாக்கி வந்துவிட்டதற்கான அடையாளம் என்று நினைத்திருந்தேன்.

1971 டிசம்பரில் எனக்கு 13 வயது. போர் முடிந்து சில நாள் இருக்கும். கல்லாவிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் தம்பியோடு நடந்தே வந்தார். தந்தியை அந்தத் தம்பிதான் மடித்துக் கையில் வைத்திருந்தார். அம்மாள் கடைக்குள் வராமல் வாசற்படியிலேயே நின்று, "எம் பையன் இங்கே படம் பிடித்தானாமே, அது இருக்கிறதா அண்ணா?" என்று கேட்டார். அப்பா பேரேட்டைப் புரட்டி எண்ணைப் பிடித்து, உறையை எடுத்து, இருட்டறைக்குள் போனார். பாஸ்போர்ட் நெகட்டிவைப் பன்னிரண்டுக்குப் பத்து அளவில் பெரிதாக்கினார். நான்தான் தட்டை ஆட்டிக்கொண்டு நின்றேன். சிவப்பு விளக்கில் வெள்ளைத்தாளில் முதலில் புருவம் வந்தது, பிறகு காது, பிறகு கோட்டின் மடிப்பு.

ஈரம் காயும்முன்னே அம்மாளிடம் காட்டினார். அவர் வெகுநேரம் பார்த்தார். அழவில்லை. "இது யாருடைய சட்டை அண்ணா?" என்று மட்டும் கேட்டார். அவர் மகன் வாழ்நாளில் கோட்டுப் போட்டு அவர் பார்த்ததில்லை. பெற்ற தாய்க்கே அந்தக் கோட்டைத் தாண்டி முகத்துக்கு வர ஒரு நிமிடம் ஆயிற்று. அப்பா என்ன பதில் சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. காசு வாங்கவில்லை என்பது நினைவிருக்கிறது. அவர்கள் போன பிறகு பேரேட்டில் சுழி போட்டதைப் பார்த்தேன். சுழியின் பொருள் அன்றுதான் தெரிந்தது.

இப்போதைய பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் போரில் இறந்தவரின் உடல் ஊருக்கு வராது. களத்துக்குப் பக்கத்திலேயே எரித்துவிடுவார்கள் அல்லது புதைத்துவிடுவார்கள். ஊருக்கு வருவது தந்தி. பிறகு ஒருநாள் அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி. தேசியக்கொடி போர்த்திய பெட்டி வாசல்வரை வந்து, மூன்று சுற்றுக் குண்டு முழங்கி, ஊரே திரண்டு பார்ப்பதெல்லாம் 1999 கார்கிலுக்குப் பிறகு வழக்கமானது. அதற்கு முன் செத்தவர்களுக்கு இந்தப் பக்கத்து வீடுகளில் பிணமாக இருந்தது போட்டோதான். அதற்குத்தான் மாலை போட்டார்கள், அதன் முன்தான் ஒப்பாரி வைத்தார்கள், அதற்குத்தான் பதினாறாம் நாள் படையல் வைத்தார்கள். எங்கள் ஸ்டுடியோ கோட்டு எத்தனை வீட்டுச் சுவரில் மாலைக்குள் இருக்கிறதோ, எனக்கே கணக்குத் தெரியாது.

இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். 2024 டிசம்பர் முதல் வாரம்தான் காரணம். ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு எங்கள் ஊரில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பஸ் நிலையத்துப் பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகள் தீப்பெட்டிகளாய் அடித்துப் போனதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதே தண்ணீர்தான் எங்கள் வீட்டிலும் இடுப்பளவு நின்றது. அரிசி போயிற்று, மெத்தை போயிற்று. அதெல்லாம் எல்லார் வீட்டிலும் போனதுதான். நெகட்டிவ் அறையைத் திறந்தபோது கீழ்வரிசைப் பெட்டிகள் மூன்றும் ஊறிப் பிதுங்கிக் கிடந்தன.

பழக்கம் இல்லாதவர்கள் செய்யும் தவறு, நனைந்த நெகட்டிவை உடனே வெயிலில் காயப்போடுவது. மேலே இருக்கும் ஜெலட்டின் காய்ந்தால் உறைத்தாளோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரம்மாவே வந்தாலும் பிரிக்க முடியாது. ஈரத்தை ஈரமாகவே வைக்கவேண்டும். நல்ல தண்ணீர் கிடைக்காத அந்த நாளில் குடிக்க வந்த கேன் தண்ணீரை அன்னக்கூடையில் ஊற்றி, உறைகளை அதில் மிதக்கவிட்டு, ஒவ்வொன்றாக விரலால் நெருடிப் பிரித்தேன். குடிக்கிற தண்ணீரில் இது தேவையா என்று என் மனைவி கேட்டது நியாயம்தான். இரண்டு நாள் ஆயிற்று. கொடியில் வேட்டி துண்டுக்குப் பதில் நெகட்டிவ்கள் தொங்கின. நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும் என்பது தெரிந்ததே. இருபது வயதுப் பையன்களெல்லாம் நரைத்த தலையோடு தொங்கிக்கொண்டிருந்தார்கள். சுழி போட்டவர்களும் அப்படியே.

பேரேடுகள் மேல்தட்டில் இருந்ததால் தப்பின. கொடியில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் அந்த ஆண்டின் கொடிநாளும் வந்தது. உட்கார்ந்து சுழிகளை எண்ணினேன். ஒன்பது. ஒன்பதில் ஆறு பேரின் நெகட்டிவ் பிழைத்தது. மூன்று போய்விட்டது, படலம் கழன்று வெறும் கண்ணாடியும் பிலிமும்தான் மிச்சம். அந்த மூன்று வீட்டிலும் பிரிண்ட் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் அந்த முகம் உலகத்தில் இல்லை.

ஒரு வீட்டைத் தேடிப் போனேன். பேரேட்டின்படி பையன் ராணுவத்துக்குப் போனது 1963-ல். பாகிஸ்தானோடு நடந்த 1965 போரில், செப்டம்பரில் இறந்திருக்கிறார். அண்ணன் மகன் இருக்கிறார். சித்தப்பா பெயர் ஏதாவது அரசாங்கப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு அலைந்திருக்கிறார். எந்த மாவட்டம் என்று முதல் கேள்வியிலேயே சிக்கல். அந்தப் போர் ஓய்ந்தது 1965 செப்டம்பர் 23. சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது அக்டோபர் 2. ஒன்பதே நாள் வித்தியாசத்தில் அவர் சேலம் மாவட்டத்துக்காரராகச் செத்திருக்கிறார். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்த பிறகு அதே வீடு, அதே புளியமரம் மூன்றாவது மாவட்டத்துக்குப் போய்விட்டது. காகிதத்தில் ஊர் நகர்ந்துகொண்டே இருந்தால் ஆளை எங்கே பிடிப்பது? முகம் ஒன்றுதான் நகராமல் இருக்கிறது, அதுவும் செல்லரித்துக்கொண்டு.

பெயர் பொறிப்பது நடக்காமல் இல்லை. டெல்லியில் 2019 பிப்ரவரி 25-ல் திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னத்தில், திறந்த அன்றே 25,942 பெயர்கள் சுவரில் இருந்தன. சுதந்திரத்துக்குப் பின் இறந்தவர்கள் அத்தனை பேர். பெரிய காரியம், குறை சொல்லமாட்டேன். ஆனால் அங்கே முகம் என்று இருப்பது போர்க்கள வீரத்துக்கான உச்ச விருதான பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேருக்குத்தான், மார்பளவுச் சிலையாக. மற்றவர்கள் எழுத்து. கல்லாவியிலிருந்து டெல்லிக்குப் போய் அந்தச் சுவரில் தன் அண்ணன் பெயரை விரலால் தடவிப் பார்க்க எத்தனை பேரால் முடியும்?

வெள்ளைக்காரன் காலத்தில் அதுவும் கிடையாது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஒரு கல் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914 – 1919 பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள்.' எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. ஆடு மாடு கணக்குச் சொல்வது போல. ஈராக்கில் பாஸ்ரா நினைவுச்சின்னம் என்று ஒன்று. மெசபடோமியாவில் செத்த இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அதிகாரிகளுக்குப் பெயர் வெட்டினார்கள். நம்மவர்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும். இது பாகுபாடு என்று போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே 2021-ல் அறிக்கை போட்டு மன்னிப்புக் கேட்டது. அதே போர்க்காலத்தில் லண்டனில், இறந்த அதிகாரிகளின் படங்களைப் போட்டுத் தடித்தடியாகப் புத்தகங்கள் அச்சடித்தார்கள். மீசை, பதக்கம், கைத்தடி எல்லாம் அச்சில் துல்லியமாக இருக்கும். மெட்ராஸ் சிப்பாய்க்கு அந்தப் பக்கங்களில் இடமில்லை.

பத்திரிகையால் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். என் அப்பா பெங்களூர் போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடையில் 'லைஃப்' இதழ்களை எடைக்கு வாங்கி வருவார். வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்துக் கற்றுக்கொள்ள. அதில் ஒன்று 1969 ஜூன் 27 தேதியிட்டது. வியட்நாமில் ஒரே வாரத்தில் இறந்த 242 அமெரிக்கர்கள். அவர்களில் பெரும்பாலோருடைய படங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கியிருந்தார்கள். குண்டு இல்லை, புகை இல்லை, ரத்தம் இல்லை. எல்லாம் எங்கள் கடையில் எடுப்பது மாதிரியான படங்கள்: பள்ளி முடித்தபோது எடுத்தது, ராணுவத்தில் சேர்ந்தபோது எடுத்தது. கீழே பெயர், வயது, ஊர். அப்பாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் ஒரு சாயங்காலம் முழுக்க அதையே புரட்டிக்கொண்டிருந்தார். "எல்லாப் பயலும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான்" என்றார். அந்த நாட்டில் அந்த இதழ் பெரிய சலசலப்பை உண்டாக்கியது என்று பின்னாளில் படித்தேன்.

அதே போரில் இறந்தவர்களுக்கு வாஷிங்டனில் ஒரு கறுப்புச் சுவர் உண்டு. 58,000-க்கும் மேல் பெயர்கள். பெயருக்கு ஒரு முகமாவது வேண்டும் என்று பல ஆண்டுகள் தேடி, 2022-ல் எல்லாப் பெயருக்கும் படம் கிடைத்துவிட்டது என்று அறிவித்தார்கள். பள்ளிக்கூட மலர், பழைய உள்ளூர்ப் பத்திரிகை, சித்தி வீட்டுப் பெட்டி என்று தோண்டியிருக்கிறார்கள். நான் கேட்பது இரண்டே மாவட்டம்.

அமெரிக்காவைச் சொல்வானேன். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரனுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுக்க வெளியிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. எங்கள் பக்கம் வேடியப்பன் என்று பெயர் வைக்காத தெரு கிடையாது. அந்த வேடியப்பன் சாமி யார்? ஊருக்கு வெளியே, வேப்பமரத்தடியில், கையில் வில்லும் கத்தியுமாக நிற்கிற நடுகல். கவர்ந்துபோன மாட்டு மந்தையை (தொறு) மீட்கும் சண்டையில் செத்த யாரோ ஒரு பையன். 'தொறு மீட்டுப் பட்டான்' என்று இரண்டு வரியில் காரியத்தை முடித்து, கீழே ஆளைச் செதுக்கி வைத்தார்கள். அச்சு இல்லாத காலத்தில் அதுதான் பிரசுரம். வருகிறவன் போகிறவன் எல்லாரும் பார்க்கும்படி வழியோரத்தில் நட்டார்கள். 'பெயரும் பீடும் எழுதி' என்று அகநானூறு சொல்கிறது. தகடூர், அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமானின் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைப்பதைப் பார்த்து அவ்வையார் மனம் வெதும்பிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அதியமான் மன்னன், விட்டுவிடுவோம். செங்கம் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று. எருமை மந்தையைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தி என்பவனைச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் அவன் நாய். நாயின் பெயர் கோவிவன், இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று அதற்கும் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். 1,400 ஆண்டுகளுக்கு முன் செத்த நாய்க்குப் படமும் பெயரும் இருக்கிறது. 1965-ல் செத்தவருக்கு இல்லை.

2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் பனிச்சரிவு ஏற்பட்டு மெட்ராஸ் படைப்பிரிவின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் புதைந்துபோனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டு, 11-ஆம் தேதி இறந்த கர்நாடகத்தின் ஹனுமந்தப்பாவின் முகமும் நினைவிருக்கும். அத்தனை பத்திரிகையிலும் நாள்தோறும் வந்தது. அந்தப் பத்துப் பேரில் ஒருவர் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர். கண்ணை மூடிக்கொண்டு அவர் முகத்தை நினைத்துப் பாருங்கள். எனக்கும் வரவில்லை. அவர் பெயரை இங்கே நான் எழுதாததற்குக் காரணம் உண்டு. வீட்டாரைக் கேட்காமல் எழுதக்கூடாது என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி. கீழே அதைப் பற்றியும் சொல்கிறேன்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. 1988-ல் ஒரு பெரியவர் மருமகன் படத்தைக் கொண்டுவந்து நினைவஞ்சலி அட்டை அடிக்க வேண்டும், படத்தைச் சரிசெய்து கொடு என்றார். இலங்கைக்குப் போன அமைதிப்படையில் இறந்தவர். "எங்கே இறந்தார் என்று போடவேண்டாம் தம்பி. பணியின்போது என்று மட்டும் இருக்கட்டும்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்துத் தமிழ்நாட்டில் அது கேட்கத் தேவையில்லாத கேள்வி. 1990 மார்ச்சில் அந்தப் படை திரும்பியபோது அதை வரவேற்கும் மனநிலையில் இங்கே யாரும் இல்லை. அங்கே நடந்ததைப் பற்றி எனக்கும் வருத்தமும் கோபமும் உண்டு. ஆனால் அனுப்பிய இடத்துக்குப் போன பையன் அவன். கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். டெல்லியில் சிலையாக நிற்கும் 21 பேரில் ஒருவரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25-ல் அந்த மண்ணில் விழுந்தவர்தான். அந்த மருமகனுக்கு இருப்பது இடம் எழுதாத ஓர் அட்டை. தங்கள் பத்திரிகை அவர் படத்தைப் போடும் நாளில் 'யாழ்ப்பாணம்' என்று இடத்தையும் சேர்த்துப் போட வேண்டும். அந்தப் பெரியவர் இப்போது இல்லை. மகள் சரி என்று சொல்லியிருக்கிறார்.

முகம் வேண்டும் என்றவுடன் பிளெக்ஸ் பேனரைக் காட்டுவார்கள். அதைச் சொல்லவே வேண்டாம். நான் மேலே சொன்ன 1971 பையனுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஊர் இளைஞர்கள் பேனர் வைத்தார்கள். நல்ல மனசு. பேனர் அடித்துக் கொடுத்த கடையில் எங்கள் கோட்டைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. கழுத்தோடு வெட்டி எடுத்து, எங்கிருந்தோ ஒரு சீருடை உடம்பில் பொருத்தியிருந்தார்கள். தோளில் மூன்று நட்சத்திரம். சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத சிப்பாய்க்கு ஒரே இரவில் கேப்டன் பதவி! உதட்டுக்குச் சிவப்பு, கன்னத்துக்கு ரோஜா நிறம். பின்னால் பனிமலை, ஹெலிகாப்டர். சுற்றிலும் வாழ்த்துவோர், வணங்குவோர் என்று இருபத்தேழு முகம், எல்லாம் உயிரோடு இருப்பவர்கள். மூன்று மாதத்தில் வெளுத்து, பிறகு யாரோ கொட்டகைக்குத் தார்ப்பாயாகக் கட்டிக்கொண்டார்கள். அந்தத் தாய் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மகனை இரண்டாவது முறை அடையாளம் தெரியாமல் பார்க்க வேண்டிய கஷ்டம் அவருக்கு இல்லை.

இனி நான் கேட்பது.

நம் இரண்டு மாவட்டப் பக்கத்தில், இறந்தவருடைய நினைவு நாளன்று, அவர் முகத்தைப் போடுங்கள். ஒரு பத்தி அகலம், ஆறு சென்டிமீட்டர் உயரம் போதும். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரையும் சேர்த்துச் சிறப்பிதழ் வேண்டாம். விளம்பரத்துக்கு நடுவே அமுங்கிப்போவார்கள். அவரவர் நாளில் அவரவர். சில வாரம் ஒருவரும் வரமாட்டார், சில வாரம் இரண்டு பேர் வருவார்கள். வாசகன் பஸ்ஸில் உட்கார்ந்து பேப்பரைப் பிரிக்கும்போது, 'அட, இது மத்தூர்க்காரன்', 'இது அரூர்ப் பக்கம்' என்று ஒரு கணம் நின்றால் போதும்.

கட்டணம் வாங்காதீர்கள். நினைவஞ்சலி விளம்பரம் சென்டிமீட்டர் கணக்கில் என்ன விலை என்று எனக்குத் தெரியும். எத்தனையோ பேருக்குப் படம் தயார் செய்து தங்கள் ஏஜென்டிடம் நானே கொடுத்திருக்கிறேன். அரிசி ஆலைக்காரர் வீட்டில் பத்தாம் ஆண்டு நினைவுக்குக் கால்பக்கம் போடுவார்கள். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் விதவை என்ன போடுவார்?

படத்துக்குக் கீழே பெயர், ஊர், தாய் தந்தை பெயர், படைப்பிரிவு, எங்கே, எப்போது, எப்படி இறந்தார். பதவி சமையற்காரர் என்றால் சமையற்காரர், டிரைவர் என்றால் டிரைவர். பனியில் செத்தாரா, கண்ணிவெடியா, வண்டி பள்ளத்தில் உருண்டதா, உள்ளபடி எழுதுங்கள். எல்லாவற்றையும் 'வீரமரணம்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடவேண்டாம். ராணுவத்துக்குப் போகும்முன் என்ன செய்தார் என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது. ஆடு மேய்த்தார், கபடியில் ரெய்டுக்குப் போவார், அக்கா கல்யாணக் கடனை அடைத்தார், இப்படி ஏதாவது. சாதிப் பட்டமும் சங்கத்தின் பெயரும் கட்சிக் கரையும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். 'வெளியீடு: இன்னார்' என்று கொடுப்பவர் பெயரும் வேண்டாம், அந்த வாசலைத் திறந்தால் இருபத்தேழு முகமும் வரிசையில் வந்துவிடும்.

வீட்டாரைக் கேட்காமல் எதையும் போடக்கூடாது. சில வீடுகளில் அந்த முகத்தை மறுபடி பார்க்க விருப்பமில்லை. மறுமணம் செய்துகொண்ட மனைவி இருக்கலாம், அவருக்கு வேறு குழந்தைகள் இருக்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. படமே கிடைக்காதவருக்கு அதே அளவில் வெறுங்கட்டம் போட்டுப் பெயரை எழுதுங்கள். கம்ப்யூட்டரில் முகம் செய்து கொடுக்கிறேன் என்று யாராவது வருவார்கள்; திருப்பி அனுப்பிவிடுங்கள். வெறுங்கட்டத்தைப் பார்த்து, 'எங்கள் பெரியப்பா கல்யாண ஆல்பத்தில் இவர் நிற்கிறார்' என்று ஒருவர் கடிதம் போட்டாலும் லாபம்தான்.

அச்சுக்கூடத்துக்கு ஒரு வார்த்தை. பத்திரிகைத் தாளில் மை பரவும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை அப்படியே போட்டால் கண்குழி இரண்டும் கரிக்கட்டை ஆகிவிடும். முகத்தின் நடுச்சாயலைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக்கொண்டு, பின்புலத்தை அப்படியே விடவேண்டும். முகப்பருவைத் துடைக்க வேண்டாம், தழும்பைத் துடைக்க வேண்டாம். தங்கள் படப்பிரிவில் இருக்கும் தம்பிக்குச் சந்தேகம் என்றால் என்னிடம் பேசட்டும். பழைய நெகட்டிவ், கிழிந்த பிரிண்ட், கண்ணாடியோடு ஒட்டிப்போன படம் எது வந்தாலும் கூலி இல்லாமல் சரிசெய்து தருகிறேன். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை மட்டும் யாரும் வீட்டில் உரித்துப் பார்க்கவேண்டாம் என்று ஒரு குறிப்புப் போடுங்கள். கண்ணாடியோடு கொண்டுவந்தால் அப்படியே படம் பிடித்துக்கொள்ளலாம்.

இத்துடன் ஆறு பிரிண்ட் அனுப்பியிருக்கிறேன். ஆறு வீட்டிலும் கேட்டு, ஐந்து வீட்டில் எழுத்து மூலம் சம்மதம் வாங்கி இணைத்திருக்கிறேன். ஆறாவது வீட்டில் தம்பி துபாயில் இருக்கிறார். அவர் வந்த பிறகு சொல்கிறோம் என்றார்கள். அந்தப் படத்தின் பின்னால் பென்சிலால் 'நிறுத்திவைக்க' என்று எழுதியிருக்கிறேன், கவனம். ஆறு படத்திலும் ஒரே கோட்டு இருப்பதைப் பார்த்துத் தங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவரே ஆறுமுறை எடுத்துக்கொண்டது என்று நினைத்துவிடப் போகிறார்கள். காதுகளைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். படங்களை மடிக்காமல் திருப்பி அனுப்ப, அட்டை வைத்துத் தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
பழைய ஸ்டுடியோக்காரர்,
ஊத்தங்கரை,
கிருஷ்ணகிரி மாவட்டம்.